பஞ்சாங்கம்

ஐந்து கட்டம்.
நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை.
முதல் இரண்டில் எண் போட்டேன்: பதினைந்து, ஐந்து.
மற்ற மூன்றிலும் நட்சத்திரம்.
எந்தத் தேதியானாலும், எந்த மாதமானாலும்,
எந்தக் கிழமையானாலும் என்று அதற்குப் பொருள்.
ராகுகாலம் பார்க்காத பஞ்சாங்கம்.
என்டர் தட்டிவிட்டுப்
பாய லேபாரில் கடைசிக்கு முந்தின ரயிலைப் பிடித்து
வீட்டுக்குப் போய்விட்டேன்.

வேலை இதுதான்:
ஈசூனில் எழுநூற்றுப் பன்னிரண்டு மின்தூக்கிகள்
இரவெல்லாம் எழுதும் நாட்குறிப்பை எடு,
குப்பையைக் கழி,
புளோக் எண்ணோடு சேர்,
பழுதானதை மட்டும் பட்டியலாக்கி
விடியுமுன் பொன்னுரங்கத்தின் போனுக்கு அனுப்பு.
நான்கு பெட்டி, மூன்று அம்பு.
திரையில் பார்க்கச் சின்னதொரு ரயில்.

முதல் நாள் பட்டியல் வந்தது,
மதியம் ஒன்றேகாலுக்கு.
"மேடம், நான் சோத்துக்கு வரிசையில நிக்கிறேன்"
என்றார் பொன்னுரங்கம்.
சர்வர் இருப்பது ஜூரோங்கில்தான்.
அதன் மனசு மட்டும் கிரீனிச்சில்,
எட்டு மணி நேரம் பின்தங்கி.
கழித்துப் பார்த்தேன்.
ஐந்தை அழித்து இருபத்தொன்று போட்டேன்.
கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு
ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன், சீனி குறைத்து.

மறுநாள் ஐந்தேகாலுக்குச் சரியாகப் போயிற்று.
நான்கு பெட்டியும் பச்சை.
ஆறு மணிக்குக் குரல்செய்தி:
"மேடம், இந்த லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது.
நேத்து நான்தானே சரி பண்ணேன்.
அடுத்ததும் நேத்து பண்ணதுதான்.
எல்லாமே நேத்து பண்ணதுதான் மேடம்."

'இன்று' என்று கேட்டிருந்தேன்.
அதற்கு அப்போது
நேற்று இரவு ஒன்பதேகால்.
பொய் சொல்லவில்லை அது,
தன்னிடமிருந்த இன்றை எடுத்துக் கொடுத்தது.

அதிகாலை இரண்டு மணிக்கு நின்றுபோன ஒன்று
எந்தப் பட்டியலிலும் ஏறாமல்
நின்றுகொண்டே இருந்தது.
அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அது ஒன்றுதான்.
பதினாலாம் மாடி ரொக்கியா
ஆறு தட்டுக் குவேயைப்
படிவழியே இறக்கினாராம், இரண்டிரண்டாக.
கடைக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்து.
பொன்னுரங்கம் ஏறிப் பார்த்தபோது
ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
தேங்காய்த் துருவல், குலா மலாக்கா பிசுபிசுப்பு,
யாரும் நேரம் குறித்துக் கொடுக்காமலே
வந்து சேர்ந்திருந்த எறும்புகள்.
படம் பிடித்து அனுப்பினார்.
கீழே ஒன்றும் எழுதவில்லை.

இந்த ஊரையும் சும்மா சொல்லக்கூடாது.
எண்பத்திரண்டு பிறந்த இரவில்
பதினொன்றரைக்கே பன்னிரண்டு என்று
முள்ளைத் தள்ளி வைத்தார்கள்.
அந்த அரை மணியில்
இங்கே யாரும் பிறக்கவில்லை, எதுவும் பழுதாகவில்லை.
சூரியன் இன்னும் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.
ஏழு மணியாகும், எழுந்து வர.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
ஆசியா, சாய்கோடு, சிங்கப்பூர்.
'இன்று' என்ற சொல்லுக்கு ஓர் ஊர்.
இருபத்தொன்றை அழித்து மறுபடி ஐந்து.

மறுநாள் செங்காங்கில்
அலாரம் வைக்காமலே விழித்துக் கிடந்தேன்.
ஐந்து பதினாறு.
"வந்துருச்சு மேடம். நாப்பத்தி மூணு."
கொஞ்சம் கழித்து,
"இது ஞாயித்துக்கெழமையும் வருமா?"

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன்.
அந்த நட்சத்திரத்தைப் போட்டபோது
சர்வரை மட்டும்தான் நினைத்திருந்தேன்.
'வரும்' என்று அடித்து, அழித்து,
'யாரோட ஷிஃப்டோ அவங்களுக்கு' என்று அடித்து,
அனுப்பும் இடத்தில் நான் எழுதிவைத்தது
ஒரே ஒரு எண் என்பது நினைவு வர
அதையும் அழித்தேன்.

வெளியே
எங்கள் புளோக்கின் மின்தூக்கி
யாரையோ ஏற்றிக்கொண்டு கீழே போயிற்று.